ஆதிநாராயணன் பறவை பார்க்கப் போன நாள்

ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே ஐம்பத்திரண்டு வயதைக் கடந்தவனைக் காரில் உட்காரவைத்து, ஏரிப் பறவையைக் காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆதிநாராயணனுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கிற நிலைமையில் அவன் அன்று இல்லை. காலை ஏழு மணிக்குக் கார் கிளம்பும்போதே அவன் மனம் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

கார் சொந்தக் கார் அல்ல. பொன்னேரியில் ஓட்டுநர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நாமே ஓட்டிப் போய் நாமே திருப்பி விட வேண்டும். மகன் பிரசாந்த் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். பழைய லாரியோடு மல்லுக்கட்டியே பழகியவன் கையில் வழவழவென்று ஒரு வெள்ளைக் கார் கிடைத்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு தாங்களே கார் ஓட்டிப் போய் யானையும் சிங்கமும் பார்க்கிற வீடியோக்களை அவன் சாப்பிடும்போதுகூட விடாமல் பார்ப்பான். நாமும் சஃபாரி போகிறோம் என்று ஒரு வாரமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். சூளூர்பேட்டையிலிருந்து ஏரிக்குக் குறுக்கே ராக்கெட் விடுகிற தீவுக்குப் போகிற சாலை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ஏரி. பங்குனி மாதத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் வற்றும்போது பூநாரைகள் சாலை ஓரத்துக்கே வந்து மேயும். அதுதான் அவனுடைய ஆப்பிரிக்கா.

முன் இருக்கையில் அவன் பெண்டாட்டி சத்யா. திருப்பாலைவனத்தில் நெல் போடுகிற வீட்டுப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. நர்சரிப் பள்ளியில் டீச்சர் என்பதால் எதைப் பார்த்தாலும் எழுதி வைக்கிற பழக்கம். பறவைப் படம் போட்ட புத்தகம் ஒன்றையும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் மடியில் வைத்திருந்தாள். பின் இருக்கையில் ஆதிநாராயணனும் அவன் மனைவி வேலம்மாவும். இருவருக்கும் நடுவில் எலுமிச்சம்பழச் சாதத் தூக்கும் கருவாட்டு வறுவல் டப்பாவும் தண்ணீர்க் கேனும்.

ஏறி உட்கார்ந்ததும் பிரசாந்த் வந்து அப்பனின் மார்புக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். அதை எப்படி அவிழ்ப்பது என்று ஆதிநாராயணன் கேட்கவில்லை. மருமகள் முன்னால் கேட்க வெட்கம். கண்ணாடியை இறக்கலாம் என்று பித்தானைத் தேடினான். ஏசி போட்டிருக்கிறது, இறக்கக் கூடாது என்று முன்னாலிருந்து உத்தரவு வந்தது. சட்டைக்குப் பதிலாகப் பிரசாந்த் வாங்கிக் கொடுத்த டீ-சர்ட்டைப் போட்டிருந்தான். அதில் பை இல்லை. அதனால் அவன் கைப்பேசியும் வேலம்மாவின் தோள்பையில் கிடந்தது. கட்டுமரத்தில் மரத்தைக் கட்டுவதற்குக்கூட இத்தனை கட்டு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைய பயணமே அவனைக் கொண்டாடுவதற்குத்தான். வருகிற திங்கட்கிழமை முதல் அவனுக்கு ஒரு கிடங்கில் வாசல் காவல் வேலை. பிரசாந்த் நாலு பேரைப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. துறைமுகம் வேண்டாம் என்று ஒரு காலத்தில் கொடி பிடித்து வெயிலில் உட்கார்ந்தவன், இனிமேல் அதே துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்குக் கேட் திறந்துவிட வேண்டும். அதற்காக ஒரு நீலச் சட்டையும் தொப்பியும் வந்து, வீட்டில் ஆணியில் தொங்கின. வேலைக்குப் போவதற்கு முன்னால் எல்லோருமாக ஒரு நாள் எங்கேயாவது போய் வரலாம் என்று சொன்னது வேலம்மா.

நாலு மணிக்கு என்ன என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஏரிதானே என்று யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. மீன் ஓடுகிற இடங்கள் கொஞ்சம், வலைக்காரர்கள் நிறைய. அதனால் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பிளையும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு பாடு. ஒன்பது நாளைக்கு ஒருமுறை நல்ல இடம் அவனுக்கு வரும். அன்று அந்த இடத்தில் அவனும் அவன் கூட்டாளிகளும்தான் வலை போடலாம். யாருக்கு எந்த வரிசை என்பதை வருஷத்துக்கு ஒரு நாள் அம்மன் கோயில் முன்னால் குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஊர்த் தலைவர் ஒவ்வொரு பேரையும் அப்பன் பேரோடு சேர்த்து மூன்று முறை கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்தவன் போய்ச் சீட்டு எடுப்பான். மூன்றாவது முறைக்கும் குரல் வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அடித்த பேர் மறுபடி ஏறாது. அந்த இடத்துக்குப் புதுமாப்பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

அந்த வருஷம் அந்தச் சீட்டு நாள் இந்தப் பயண நாளாகவே வந்து வாய்த்தது. நாலு மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள்.

இதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்றால், அங்கேதான் முடிச்சு. வீட்டைப் பொறுத்தவரை ஆதிநாராயணனுக்குப் பாடே கிடையாது. அதை விட்டு இரண்டு வருஷமாகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதக் காலையில் தனியாகப் படகில் போனவனுக்கு நெஞ்சு வலித்தது. வலையை இழுத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுபோனது. மல்லாந்து விழுந்தவனைச் சுமந்துகொண்டு படகு காற்றின் போக்கில் போய்ப் பசியாவரத்துப் பக்கம் ஒதுங்கியது. பகல் முழுக்கத் தேடினார்கள். அப்புறம் சென்னை ஆஸ்பத்திரி, நெஞ்சுக்குள் கம்பிச் சுருள், காலைக்கு மூன்று மாத்திரை, இரவுக்கு இரண்டு. வீட்டுக்கு வந்த அன்று வேலம்மா அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, இனி ஏரியில் இறங்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவனும் செய்தான். பாடு வரிசையையும் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னான். ஊரில் யாரிடமும் போய் அப்படிச் சொல்லவே இல்லை.

சொல்ல முடியவில்லை. சத்தியம் செய்யும்போது மனப்பூர்வமாகத்தான் செய்தான். ஆனால் அடுத்த பாடு வந்த நாளில் கால் வீட்டில் நிற்கவில்லை. பங்காளி மாணிக்கம் வீட்டில் கிழிந்த வலையை முடியப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக் கொல்லை வழியாகத் தண்ணீரில் இறங்கினான். அன்றிலிருந்து ஒன்பது நாளைக்கு ஒருமுறை அதே பொய், அதே கொல்லை. மீனை மாணிக்கமே தன் மீனோடு சேர்த்து விற்றுக் கொடுத்துவிடுவான். ஒன்பது நாளில் எட்டு நாள் ஆதிநாராயணன் மாத்திரை விழுங்குகிற நோயாளி. மழை வருமா என்று யாரும் அவனைக் கேட்பதில்லை, தூக்காதே, குனியாதே என்று மட்டும் சொல்வார்கள். ஒன்பதாம் நாள்தான் மனுஷன். அந்த ஒரு நாளுக்காக மற்ற எட்டு நாளையும் பொறுத்துக்கொண்டிருந்தான்.

வேலை வந்தாலும் அவன் கணக்கு வேறு. ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கிறது, எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம். பேர் மட்டும் நிற்க வேண்டும். பறவை பார்த்துவிட்டு மதியம் ஒரு மணிக்குள் திரும்பினால் மூன்றரைக்கு ஊர். கோயில் பக்கம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினால் யாருக்கும் தெரியாது. காரில் ஏறும்போது அவன் போட்டிருந்த திட்டம் இதுதான்.

ஒன்பது மணிக்கு ஏரிச் சாலையில் கார் ஏறியது. பூநாரைகள் ஏமாற்றவில்லை. காலை வெயிலில் வெளிர்ச் சிவப்பாக ஒரு நீளக் கூட்டம், தலையைக் கவிழ்த்துச் சேற்றை அரித்துக்கொண்டிருந்தது. சத்யா நோட்டில் ஒன்று என்று நம்பர் போட்டு எழுதினாள். அப்புறம் கூழைக்கடா, கரண்டிவாயன், சின்னச் சின்ன உள்ளான்கள். புத்தகத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்து, மாமா இது என்ன, மாமா அது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கூழைக்கடாவைப் பார்த்ததும் மட்டும் அவன் மனசு கொஞ்சம் இளகியது. வலையிலிருந்தே மீனைத் திருடித் தின்கிற பறவை அது, அதைப் போட்டோ எடுக்க இத்தனை பேர் காரை நிறுத்துகிறார்களே என்று சிரித்தான். சத்யாவும் சிரித்தாள். நல்ல பெண். அவள் கேட்பதற்கெல்லாம் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசைதான், நேரம்தான் நிற்கவில்லை.

நேரத்தைத் தின்றது சத்யாகூட இல்லை, வேலம்மா. வீட்டில் நின்று ஒரு வாய்க் காபி குடிக்காதவள் அன்று அசையாமல் உட்கார்ந்தாள். ஒவ்வொரு மதகிலும் காரை நிறுத்தச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், அவசரம் என்ன என்றாள். பதினொரு மணிக்குச் சாப்பிடலாம் என்று ஆதிநாராயணன் சொன்னபோது பசிக்கவில்லை என்றாள். பன்னிரண்டரைக்குப் பசிக்கிறது என்றாள். சாப்பிட்டதும் தீவு வாசல் வரைக்கும் போய் வரலாம் என்றாள். நாற்பது வருஷமாக ஏரிக்கரையில் மீன் காயவைத்துப் பறவையை விரட்டியே பழகிய இவளுக்கு இப்போது என்ன பறவைப் பைத்தியம் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலைக் காட்டினால் ஏன் என்று கேள்வி வரும். பெல்ட்டுக்குள் அடங்கி உட்கார்ந்திருந்தான்.

காரைத் திருப்பியபோது மணி ஒன்றே முக்கால். வந்த வழியே சூளூர்பேட்டைக்குப் போய், நெடுஞ்சாலை பிடித்து, பொன்னேரியைச் சுற்றிக்கொண்டு போனால் நாலு மணிக்கு மேல் ஆகிவிடும். ஆதிநாராயணன் தெற்கே பார்த்தான். ஏரி அந்தப் பக்கம் வற்றி வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடந்தது. அக்கரையில் ஒரு தென்னந்தோப்பு. அதையொட்டி நெடுஞ்சாலை போகிறது என்று அவனுக்குத் தெரியும். குறுக்கே போனால் நாலு கிலோமீட்டர். டிராக்டர் போன தடம்கூட ஒன்று தெரிந்தது. நடுவில் பூநாரைகள் கால் முழுக்க வெளியே தெரிய நின்றிருந்தன. பெரிய பெரிய டயர் போட்ட வண்டிகள் போன தடம் அது என்பதை அவசரத்தில் அவன் யோசிக்கவில்லை.

“ரொம்ப நேரமா கிட்ட போய்ப் பாக்கணும்னு சொல்லிக்கினு வருதே பொண்ணு. அப்டியே உள்ள விடு” என்றான் மகனிடம்.

“கார் போவுமா நைனா?”

“பறவ முட்டி நனையாம நிக்குது பாரு. அங்கல்லாம் தரைதான். தைரியமா போ.”

வேண்டாம், சாலையிலேயே போகலாம் என்றாள் வேலம்மா. பிரசாந்துக்கு அது காதில் விழவில்லை. சஃபாரி என்றால் சாலையை விட்டு இறங்குவதுதானே.

இது ஒரு படகுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. படகில் போகிறவனுக்குப் பூநாரைதான் ஆழம் காட்டுகிற கம்பு. அதன் வயிறு நனைந்தால் படகு ஓடும், முட்டி தெரிந்தால் தரை தட்டும். முப்பத்தைந்து வருஷமாக அந்தத் தரைக்குப் பயந்து, அதில் படகின் அடிப்பலகை மோதிவிடாமல் ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டியவன் ஆதிநாராயணன். அதனால் அது கல்லு மாதிரி இருக்கும் என்று அவனுக்குள் பதிந்துபோயிருந்தது. அதில் இறங்கி நடந்து பார்த்ததில்லை. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் யாரையாவது கேட்டிருந்தால், அந்தப் பறவை மூன்று கிலோ, உன் கார் ஆயிரம் கிலோ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள்.

ஒன்றரைக் கிலோமீட்டர் வரை கார் நன்றாகவே போனது. அப்புறம் அடியில் சரக்கென்று ஓடு உடைகிற சத்தம். உப்புப் பொருக்கு உடைந்து இடது பக்கச் சக்கரங்கள் இரண்டும் கறுப்புச் சேற்றில் இறங்கின. பிரசாந்த் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மிதித்தான். லாரியில் அதுதான் பழக்கம். கார் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு, அடிவயிறு படிகிற வரை இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இடது பக்கக் கதவுகள் இரண்டும் சேற்றில் புதைந்து திறக்கவில்லை. பிரசாந்த் வலது பக்கம் இறங்கினான். தொடை வரை போனான். கதவைப் பிடித்துத் தொங்கி மறுபடி ஏறியபோது செருப்பு இல்லை. ஆதிநாராயணன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். பெல்ட் அவனை இழுத்துப் பிடித்தது. இந்தப் பக்கம் வேலம்மா டீ-சர்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்தச் சேற்றில் நடந்தால் உன் நெஞ்சு தாங்குமா என்று கேட்டாள். தாங்காது என்று அவனுக்கே தெரியும். காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

வாடகைக்குக் கொடுத்தவனுக்குப் பிரசாந்த் போன் செய்து திட்டு வாங்கினான். பிறகு யார் யாரையோ பிடித்து, தெலுங்கில் கெஞ்சி, தோப்புப் பக்கம் ஒரு டிராக்டர்காரனைப் பேசி முடித்தான். நெல் லோடு இறக்கிவிட்டு நாலரை, ஐந்து மணிக்குத்தான் வர முடியும் என்றான் அவன். அப்போது மணி இரண்டேகால்.

எஞ்சினை நிறுத்தியதும் காருக்குள் உலைமூடி போட்ட மாதிரி ஆயிற்று. கண்ணாடியை இறக்கினால் கொசுவைப் போன்ற சின்னப் பூச்சிகள் கூட்டமாக வந்து வாயிலும் கண்ணிலும் விழுந்தன. ஏற்றினால் மூச்சு முட்டியது. ஏற்றியும் இறக்கியும் ஒரு மணி நேரம் போனது. நாலு பேரும் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். ஆதிநாராயணனின் பாரம் முழுக்க வேலம்மா மேல் சரிந்தது, அவள் பாரம் முழுக்கப் புதைந்த கதவின்மேல் சரிந்தது. கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே சேறு.

ஆனால் பறவைகளுக்குப் பயம் போய்விட்டது. சத்தமில்லாமல் கிடக்கிற வெள்ளைக் காரை அவை ஒரு பாறை என்று எடுத்துக்கொண்டன போலிருக்கிறது. பூநாரைகள் மெதுவாக மேய்ந்துகொண்டே பத்தடி தூரத்துக்கு வந்தன. ஒன்று கண்ணாடிக்கு நேராக வந்து நின்று தலையைத் தூக்கி உள்ளே பார்த்தது. வெளிர்மஞ்சள் கண்ணும், வளைந்த அலகின் நுனியில் மை தோய்த்த மாதிரிக் கறுப்பும் தெரிந்தன. சத்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நோட்டில் எதையும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காசு கொடுத்தாலும் இந்த மாதிரி பார்க்க முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். பறவை வெளியே நின்று கூண்டில் இருக்கிற நம்மைப் பார்க்கிற சஃபாரி இது என்று பிரசாந்த் சிரிக்க முயன்றான். ஆதிநாராயணன் பறவையைப் பார்க்கவில்லை. காரின் முன்னால் பச்சை வெளிச்சத்தில் மாறிக்கொண்டிருந்த மணியைப் பார்த்தான். மூன்று இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

கோயில் முன்னால் இந்நேரம் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். மைக் செட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். குடத்துக்கு மஞ்சள் பூசியிருப்பார்கள். முப்பது வருஷத்தில் ஒரு வருஷம்கூட அவன் அங்கே இல்லாமல் இருந்ததில்லை. நெஞ்சில் கம்பி வைத்து ஒன்றரை மாதம்கூட ஆகாத வருஷத்திலும், சும்மா காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் குரல் கொடுத்தவன். அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை.

“நாலு மணிக்கு நான் ஊர்ல இருக்கணும்டா” என்றான்.

“இன்னா நைனா ஊர்ல?”

“பாடு கூப்புடுறாங்க.”

பிரசாந்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் திரும்பி அப்பனைப் பார்த்தான். ஆதிநாராயணன் எல்லாவற்றையும் சொன்னான். பேரை விடாதது, வலை முடியப் போகிறேன் என்ற பொய், மாணிக்கத்தின் கொல்லை, ஏரிக்குள் காரை விடச் சொன்னதன் காரணம், எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. நாலு பேர் காலைப் பிடித்து வேலை வாங்கினேனே நைனா என்று மட்டும் பிரசாந்த் சொன்னான். வேலம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்று ஆதிநாராயணன் அவள் பக்கம் திரும்பவே பயந்தான்.

“எனக்குத் தெரியும்” என்றாள் வேலம்மா.

வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

“பேரு இருக்கறதும் தெரியும், சீட்டு இன்னிக்குதான்னும் தெரியும். தெரிஞ்சுதான் இன்னிக்கு காரு எடுக்கச் சொன்னேன்.”

ஆதிநாராயணனுக்குக் காலையிலிருந்து நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. ஒவ்வொரு மதகிலும் நின்றது, பசிக்கவில்லை என்றது, தீவு வாசல் வரை போகச் சொன்னது. சேறு வேண்டியதே இல்லை, அவள் பிடியே போதுமாக இருந்திருக்கிறது. இவன்தான் அவசரப்பட்டு அதன்மேல் ஒரு பூட்டும் போட்டுக்கொண்டான். பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். அது இன்னும் இறுகியது.

“கட்டிப்போட்டு கூட்டினு வந்துட்ட இல்ல?”

“ஆமா. கட்டிப்போட்டுதான் கூட்டினு வந்தேன். பின்ன இன்னா பண்றது? என் தலமேல வெச்ச கைய எடுத்துக்கினு நேரா ஏரிக்கு போன ஆளு நீ.” இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். “ஒம்போது நாளைக்கு ஒருக்கா நீ பாட்டுக்கு போயிர்ற. நான் மாணிக்கம் ஊட்டுக்கு அந்தாண்ட கருவேலம் பொதருல போய் நிக்கிறேன். உன் படகையே பாத்துக்கினு இருப்பேன். நீ வலைய இழுக்க குனிஞ்சா எனக்கு மூச்சு நிக்கும். நிமிந்தாதான் வரும். நீ கரை ஏறனதும் உனுக்கு முன்னாடி ஓடியாந்து அடுப்பாண்ட குந்திக்குவேன். ரெண்டு வருசமா எனக்கு இதான்யா வேலை.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல.”

“கேட்டா நீ இன்னொரு சத்தியம் பண்ணுவ.”

இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவன் படகிலிருந்து அந்தப் புதர்ப் பக்கம் பார்த்ததில்லை. வலை கனத்து வரும்போது கரையை யார் பார்க்கிறார்கள்? தான் மட்டும்தான் கஷ்டப்பட்டு மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். முள்ளுக்குள் நின்றுகொண்டு ஒருத்தி தன்னோடு சேர்ந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு எழுந்து போக இடமும் இல்லை. அவள் தோள் அவன் தோளில் அழுந்திக்கொண்டேயிருந்தது.

நாலு மணி தாண்டிப் பதினைந்து நிமிஷம் இருக்கும். வேலம்மாவின் தோள்பைக்குள் கைப்பேசி அடித்தது. எடுத்தாள். மாணிக்கம். இரண்டு முறை அடிக்கவிட்டு, அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

மாணிக்கம் பேசவில்லை, கத்தினான். பின்னால் ஊரே இரைந்தது. “எங்கய்யா கீற ஆதி? இன்னும் ரெண்டு பேரு போனா உன் பேரு. தலைவராண்ட சண்ட போட்டு வெச்சிருக்கேன். கொரல் கேக்கணும்னுதான் கட்டுப்பாடு, எங்கருந்துன்னு இல்லன்னேன். சரின்னுட்டாரு. சீட்ட நான் எடுக்கிறேன். போன மைக்காண்ட புடிக்கிறேன். இருக்கேன்னு மட்டும் சத்தமா சொல்லு.”

ஆதிநாராயணன் வேலம்மாவைப் பார்த்தான். ஒரு விரலால் அவள் அதை நிறுத்திவிடலாம். நிறுத்தவில்லை. கைப்பேசியை அவன் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து பிடித்தாள்.

“பெரியசாமி மகன் ஆதிநாராயணன்.”

தலைவரின் குரல் மைக்கில் போய் எதிரொலித்து வந்தது. செத்துப் பதினைந்து வருஷமான அப்பனின் பேரைக் கேட்டதும் ஆதிநாராயணனுக்கு முதுகு நிமிர்ந்தது. வாயைத் திறந்தான். வாய்க்கு முன்னால் இருந்த அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மீன் அரிந்து அரிந்து வெட்டுப்பட்ட விரல்கள், நிற்காமல் நடுங்கின.

“பெரியசாமி மகன் ஆதிநாராயணன்.”

முன் இருக்கையில் பிரசாந்தும் சத்யாவும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேலம்மா கைப்பேசியை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். உதட்டில் பட்டது. அவன் அந்தக் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இந்தக் கை ஒன்பது நாளைக்கு ஒருமுறை முள்ளைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்று நினைத்தான். அந்த நினைப்புக்குப் பிறகு அவனால் முடியவில்லை.

“பெரியசாமி மகன் ஆதிநாராயணன்.”

“இல்ல” என்றான். “ஆதிநாராயணன் இல்ல.”

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஆள் இல்லை என்று அவனே சொல்கிறானப்பா என்றது ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே அடுத்த பேரைக் கூப்பிட்டார். கன்னியப்பன் மகன் வேலு. இருக்கேன் என்று உடனே குரல் வந்தது. இணைப்பு அறுந்தது.

வேலம்மா கைப்பேசியைப் பிடித்தபடியே இருந்தாள். “இன்னாத்துக்குய்யா இல்லன்ன?” என்றாள். “இருக்கேன்னு சொல்லத்தான நான் புடிச்சுக்கினு இருந்தேன்.”

“உன் கை நடுங்குச்சு.”

“பயத்துல நடுங்குச்சு. பயந்துக்கினே போவ விட்டுரலாம்னுதான் நெனச்சேன். உங்கப்பன் பேரக் கேட்டதும் உன் மூஞ்சி மலந்தத பாத்தேன்ல.”

அவள் உடனே மாணிக்கத்தைத் திருப்பிக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுத்ததும், தலைவரிடம் கொடு என்றாள். பத்து நாளாகத் திட்டம் போட்டு, காலையிலிருந்து நிமிஷம் நிமிஷமாக நேரத்தைக் கடத்திய அதே வேலம்மா, வெயிலில் முகம் வேர்த்து ஒழுக, சாய்ந்த காருக்குள் ஒரு கையை ஊன்றிக்கொண்டு தலைவரிடம் கெஞ்சினாள். அவர் ஏதோ விளையாட்டுக்குச் சொல்லிவிட்டார், பேரை அடிக்க வேண்டாம், இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள் என்றாள். மூன்று முறைக்கு மேல் வழக்கம் இல்லையம்மா என்றார் தலைவர். அப்படியானால் நான் சொல்கிறேன், என் குரலை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், பாடு எடுக்கப் பெண்பிள்ளைகள் குரல் செல்லாது என்று.

ஆதிநாராயணன் அவள் கையைப் பிடித்தான். விடு வேலம்மா என்றான். அவள் விடவில்லை. தூரத்தில் தென்னந்தோப்புப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. காரைச் சுற்றி நின்ற பூநாரைகள் ஒவ்வொன்றாக எழுந்து பறந்தன.

“இருக்காருங்க” என்று அவள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். “இதோ என் பக்கத்துலதான் இருக்காருங்க.”

மறுமுனையில் தலைவர் போனை மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.